மாத்திரை நுழையாத வீடு

மருமகள்: மாமா, சபை அறை அலமாரியில இருந்த திராட்சை ரசப் பாட்டில் காலியா இருக்கு.

மூப்பர்: காலியா... நல்லாப் பாத்தியாம்மா?

மருமகள்: கவுத்தே பாத்துட்டேன். ஒரு சொட்டு இல்ல. இன்னும் அரை மணியில திருவிருந்து.

மூப்பர்: வாட்ச்மேன் வேலையாத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை பெருக்குறதுக்குச் சாவி குடுத்தேன். ஆராதனை முடியட்டும், அவன் சீட்டைக் கிழிச்சிடுறேன்.

மருமகள்: அவரா? நம்ம சபையில நான் எடுத்த ஆரோக்கிய வகுப்புக்கு வந்த நாள்லேருந்து டீயிலகூட சக்கரை வேண்டாம்னு சொல்ற மனுஷன்...

மூப்பர்: ஊருக்கெல்லாம் வக்காலத்து வாங்காதே.

மருமகள்: சரி. வேற பாட்டிலுக்குப் பாட்டு டீச்சரை அனுப்பியிருக்கேன். அந்த வேதாகமத்தைக் குடுங்க, மேடையில வைக்கிறேன்.

மூப்பர்: வேண்டாம், என்கிட்டயே இருக்கட்டும். மேடையேறிச் சாட்சி சொல்ல இந்தச் சட்டை போதுமா?

மருமகள்: மாப்பிள்ளை தோத்தார்.

மூப்பர்: கேலி பண்ணாதே. உடம்பு தேவனுடைய ஆலயம்னு பத்து வாரம் பாடம் எடுத்தே. அதுக்கு அத்தாட்சி நம்ம குடும்பம்தான். 'எழுபத்திரண்டு வயசு, எங்க வீட்டுக்குள்ள மாத்திரை நுழைஞ்சதில்ல.' போன வருஷம் சொன்னப்ப சபையே எழுந்து நின்னுச்சே.

மருமகள்: நின்னுச்சு. ...மாமா, இன்னிக்கு அதைச் சொல்லாதீங்க.

மூப்பர்: ஏன்?

மருமகள்: நான் காய், கீரை, அளவாச் சாப்பிடறதுன்னு சொல்லிக் குடுத்தேன். மாத்திரை போட்டா விசுவாசம் இல்லைன்னு நான் சொல்லல.

மூப்பர்: நான் சொன்னேன். சரியாச் சாப்பிட்டு, சரியா ஜெபம் பண்றவனுக்கு எதுக்கு மாத்திரை? பேச வந்துட்டா. உன் புருஷன் இருந்தா முதல் வரிசையில உக்காந்து தலையாட்டுவான். இன்னிக்குன்னு பாத்து ஆபீஸ் வேலையா வெளியூர் போயிட்டான்.

மருமகள்: அவர் வெளியூர் போகல.

மூப்பர்: என்ன?

மருமகள்: ஆஸ்பத்திரியில இருக்கார். அஞ்சு நாளா. எங்கம்மா கூட இருக்காங்க.

மூப்பர்: எதுக்கு... என்ன ஆச்சு அவனுக்கு?

மருமகள்: சக்கரை, மாமா. நாலு வருஷமா. மாத்திரையை ஆபீஸ் மேஜையில வச்சுப் போட்டுட்டிருந்தார். உங்களுக்குத் தெரிஞ்சா குடும்ப மானம் போயிடும்னு பயம்.

மூப்பர்: என் மகனுக்கா...

மருமகள்: போன வருஷம் நீங்க அந்தச் சாட்சி சொன்னீங்கல்ல, அன்னிக்கே மாத்திரையைக் குப்பையில போட்டுட்டாராம். 'அப்பாவுக்கு இருக்கிற விசுவாசம் எனக்கு இல்லாமப் போச்சே'ன்னு அழுதிருக்கார். எனக்கே இப்பத்தான் தெரியும். ஷூ கடிச்ச புண் ஆறவே இல்ல. நேத்து கால் விரல் ரெண்டை எடுத்துட்டாங்க.

மூப்பர்: அந்த நாற்காலியை இப்படித் தள்ளும்மா.

மருமகள்: மாமா. உக்காருங்க.

மூப்பர்: ரெண்டு விரலா?

மருமகள்: ம்.

மூப்பர்: வலது காலா... இடது காலா?

மருமகள்: இடது. அப்பாகிட்டச் சொல்லாதே, சாட்சி முடியட்டும்னார். என்னால முடியல.

போதகர்: மூப்பர் ஐயா, உள்ள வரலாமா? பாட்டு முடியப் போகுது. திராட்சை ரசம் காணோம்னு வாட்ச்மேனை வெளியில நிறுத்தி வச்சுக் கேட்டுட்டிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க?

மூப்பர்: அவனை உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க ஐயா. குடிச்சது நான். வெள்ளிக்கிழமை வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டுட்டு உபவாசம் இருந்தேன். இந்த அறையிலதான் விழுந்தேன். கைக்கு எட்டினது அந்தப் பாட்டில்தான். ஒன்பது வருஷமா சக்கரை எனக்கு, அன்னிக்கு ரொம்ப இறங்கிடுச்சு. மாத்திரை இதோ, வேதாகம உறைக்குள்ள இருக்கு. மேடையில இதைத்தான் சொல்வேன், சீக்கிரம் முடிச்சுடுவேன். என் மகன்கிட்டப் போகணும்.