வேறு நாட்டில் பிறந்திருந்தால்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பெண்ணாடம் பஸ்ஸுக்காக அன்று நின்றவர்கள் மூன்று பேர்தான்: பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த ஓர் அக்கா, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய தம்பி, பக்கத்தில் நான். தம்பிக்கு ஏதோ சர்வதேச அமைப்பில் மனித உரிமை அதிகாரி வேலை என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“நீ வேற நாட்டுல பொறந்திருந்தா ஒன் கூலி பாக்கியக் கேட்டு லெட்டர் எழுதிக் குடுத்திருப்பேன்க்கா” என்றார் தம்பி.

“என்னடா சொல்ற? ஆப்பிரிக்காவுல சொரங்கத்து ஆளுங்களுக்கு நீ எழுதுனதாலதான கூலி கெடச்சுது?”

“சொந்த நாட்டு விஷயத்துல நாங்க தலையிடக் கூடாது. அது ஆபீஸு ரூலு.”

“அப்ப எனக்கு யாரு எழுதுவா?”

“வேற நாட்டு ஆபீசருதான் எழுதணும்.”

“அவரு என்னைக்கி விருத்தாசலத்துக்கு வராரு?”

தம்பி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். அக்கா அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பதற்றம். அவர் அழவில்லை.

“லெட்டரே வேணாம். மொதலாளி எதுர்ல எங்கூட வந்து நில்லு, போதும்.”

“ஆபீசுக்குத் தெரிஞ்சா என் வேலைக்கே ஆபத்துக்கா.”

பஸ் வந்து நின்றது. தம்பி பர்ஸைத் திறந்தார். “எவ்ளோ பாக்கி சொல்லு, நானே குடுத்துடறேன்.”

“நீ ஏன்டா குடுக்கணும்? சூளையில வெந்தது நானு, அவன்தான் தரணும். மூணு மாசக் கூலியில பாக்கி, நாலாயிரத்து எண்ணூறு ரூவா.”