பதினேழாம் எண் வில்லை

பெயர்: டெல்மா ரே கிராடக். வயது: 57. கணவர் பெயர்: வாலஸ் கிராடக் (காலமாகிவிட்டார்). தொழில்: கோரிகன் ஏரிப் படகுத்துறையில் டிராக்டர் ஓட்டுவது. முகவரி: 6, துறைமுனைச் சாலை, கோரிகன் ஏரி, டாஸ்மேனியா. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 30, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணிக்கு மில்பரோ காவல் நிலையத்தில் கான்ஸ்டபிள் ஐரீன் மர்டாக் முன்பு சொல்லி எழுதப்பட்டது.

நான் மேற்கண்ட முகவரியில் இருபத்திரண்டு வருடங்களாகக் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் மிரட்டி இங்கே அழைத்து வரவில்லை. வக்கீல் வேண்டுமா என்று கேட்கப்பட்டது, வேண்டாம் என்றேன். நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

சென்ற 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரியில் இந்தப் பருவத்தின் கடைசி நாள். அன்று எல்லாப் படகும் கரையேறியாக வேண்டும். இலையுதிர் காலத்தில் தண்ணீர் இறங்கிவிடுவதால் படகு இறக்கும் சரிவு சேற்றில் போய் முடியும், என் டிராக்டர் இல்லாமல் ஒரு படகும் மேலே வராது. ஏரியில் பதிவான படகுகள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பித்தளை வில்லை உண்டு. படகு தண்ணீரில் இருக்கும்போது வில்லை படகுக்காரரிடம் இருக்கும், கரைக்கு வந்ததும் அவர் தன் கையால் அதைத் துறைக் கொட்டகைப் பலகையில் தன் ஆணியில் மாட்ட வேண்டும். கடைசி நாளில் நாற்பத்தொரு ஆணியும் நிரம்பினால் கண்காணிப்பாளர் சரிவுக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டுவார். பிறகு ஆகஸ்ட் மாதம்தான் திறப்பு.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குக் கடைசியாக வில்லை மாட்டுகிறவர் உடுத்திய உடையோடு நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி, துறைக்கு எதிரே கிடக்கும் சிவப்பு மிதவையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அந்தத் தண்ணீரில் கால் வைத்தாலே பல் தந்தியடிக்கும். மற்றவர்கள் கரையில் நின்று கை தட்டுவோம். கடந்த மூன்று வருடமும் மாட்டிக்கொண்டவர் பெர்னி டோலண்ட், வயது 66, முன்பு மர லாரி ஓட்டியவர், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். இன்னும் ஒரே ஒரு தடவை தூண்டில் வீசிவிட்டு வருகிறேன் என்பார், அந்த ஒன்று முடியவே முடியாது. சென்ற ஜூன் மாதம் அவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. இனிமேல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்று பிற்பகல் சுமார் இரண்டு மணிக்கு நான் முழங்கால் தண்ணீரில் நின்று வேறொரு படகுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பெர்னி தன் படகில், மோட்டாரை அணைக்காமலே பக்கத்தில் வந்து நின்றார். நாங்கள் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"ஏ டெல், பலகையில எத்தன ஆணி காலியாக் கெடக்கு?"

"பத்துப் பதினொண்ணு இருக்கும். கரையேறப் போறியா, இல்ல இந்த வருசமும் மிதவையக் கட்டிப்புடிச்சு டான்ஸ் ஆடப் போறியா?"

"அதுக்குத்தான் வந்தேன். இந்தா, புடி." வில்லையை என்னிடம் தூக்கிப் போட்டார். "நீயே மாட்டிரு. வடக்கு மூலையில ஒருத்தன் எனக்காகக் காத்துக்கிட்டிருக்கான், நாலு கிலோவுக்குக் கொறைய மாட்டான். மூணு மணிக்குள்ள வந்துர்றேன்."

"யோவ், இது கள்ளாட்டம்யா."

"உசுரு மேல ஆசை இருக்காதா? போ, போய் மாட்டு."

நான் சிரித்தேன். அதன் பிறகு கொட்டகைக்குப் போய்ப் பதினேழாம் ஆணியில் அந்த வில்லையை மாட்டினேன். அந்த ஆள் மறுபடி நெஞ்சளவுத் தண்ணீரில் நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்து இதற்கு முன் அந்தப் பலகையில் யாரும் பொய் மாட்டியதில்லை. முதல் ஆள் நான்.

அதன் பிறகு மூன்றரை மணிக்கு, வார இறுதியில் மட்டும் வந்து போகும் பல் டாக்டர் ஒருவர் கடைசி ஆளாக வில்லை மாட்டினார். எல்லோரும் ஓவென்று கத்தி அவரைத் தண்ணீரில் இறக்கினார்கள். அவர் போட்ட கூச்சலில் எதிர்க்கரைப் பறவைகள் எழும்பின. வயிறு வலிக்கச் சிரித்தோம், நானும்தான். அந்த நேரம் முழுக்க பெர்னியை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இந்த வரியை விடாமல் எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கண்காணிப்பாளர் கர்ட்டிஸ் லெகோ பலகையை எண்ணிப் பார்த்து, சரிவில் சங்கிலி போட்டுப் பூட்டி, நாற்பத்தொன்றும் கரையேறியது, ஏரி மூடப்பட்டது என்று ஏரி நிர்வாக அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினார். ஊசியிலை மரங்களுக்கு மேல் பனி மேகம் இறங்கிக்கொண்டிருந்ததால் அரை மணி நேரத்தில் எல்லோரும் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்கள். நான் டிராக்டர் சக்கரத்துச் சேற்றைக் கழுவிவிட்டு, வாளியை வைக்கக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே மரத்தடியில் பெர்னியின் டிரெய்லர் காலியாக நின்றது. அதன் மேல் அவருடைய தேநீர் பிளாஸ்க் மூடி திறக்கப்படாமல் இருந்தது. அன்றைக்கு நான் இழுத்துக் கரையேற்றியது நாற்பது படகு. கூலி வாங்குகிற எனக்கே அந்தக் கணக்கு அப்போதுதான் தலையில் ஏறியது.

அதன் பிறகு ஓடிப்போய்க் கர்ட்டிஸிடம் சொன்னேன்.

"பெர்னி இன்னும் தண்ணியில இருக்கான். சங்கிலிய எடு."

"டெல்மா, பலகை நெறஞ்சிருச்சே. பதினேழு தொங்குது பாருங்க."

"அத மாட்டினது நான். அவன் இல்ல."

அவர் முகம் வெளுத்துவிட்டது. உடனே அலுவலகத்துக்குப் போன் செய்தார். மீட்புக் குழு நகரத்திலிருந்து வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றும், மேகத்துக்குள் ஹெலிகாப்டர் வராது என்றும், ரோந்துப் படகைத் தனி ஆளாக யாரும் எடுக்கக் கூடாது என்றும், ஏரி மூடியாகிவிட்டதால் குழு வரும்வரை சங்கிலியைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார்கள். போனை வைத்துவிட்டுக் கர்ட்டிஸ் சொன்னார்:

"காத்திருக்கச் சொல்றாங்க டெல்மா. என் வேலை போயிரும்."

"உன் வேலை போனா வேற வேலை கெடைக்கும்டா. பெர்னி போனா?"

அதன் பிறகு நான் கொட்டகைக்குப் போய், பதினேழாம் எண் வில்லையை ஆணியிலிருந்து கழற்றி, கர்ட்டிஸ் கண் முன்னால் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பலகையின் தலைப்பில் ஒரு விதி இருக்கிறது. அந்த எழுத்துக்கு வருடா வருடம் பெயிண்ட் அடிப்பவள் நான்தான். 'கடைசி வில்லை ஆணியில் ஏறிய பிறகே ஏரி மூடப்படும்.' கர்ட்டிஸிடம், "இப்ப எண்ணிப் பாரு, நாப்பதுதான் இருக்கு. ஏரி தொறந்திருக்கு," என்றேன். அதன் பிறகு டிராக்டர் பெட்டியிலிருந்த இரும்பு வெட்டும் கத்தரியை எடுத்துச் சங்கிலியை வெட்டினேன், ரோந்துப் படகை டிராக்டரால் தள்ளித் தண்ணீரில் இறக்கினேன், ஐந்து பத்துக்குப் புறப்பட்டேன். நான் படகைத் திருடியதாக முதலில் எழுதப்பட்டிருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். போன படகு திரும்பி வந்தது, ஆளையும் ஏற்றிக்கொண்டு வந்தது.

வடக்கு மூலை துறையிலிருந்து நான்கு கிலோமீட்டர். அணை கட்டியபோது மூழ்கிய காடு அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் இறங்கும் காலத்தில் பட்ட மரங்களின் நுனி நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. பெர்னியின் படகு அப்படி ஒன்றின் மேல் ஏறிக் கிழிந்து, மூக்கு மட்டும் வெளியே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மரக்கட்டை மேல், கெண்டைக்கால் தண்ணீரில், ஒரு காய்ந்த கிளையைக் கட்டிக்கொண்டு அவர் நின்றுகொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. கிளையைப் பிடித்த விரல்கள் விறைத்துவிட்டதால் ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். படகுக்குள் இழுத்துப் போட்டதும் அவர் கேட்டார்:

"மிதவைய... யாரு எடுத்தது?"

"பல் டாக்டர்."

"கத்துனானா?"

"தன் பல்லையே புடுங்குன மாதிரி கத்துனான்."

அவர் சிரிக்கப் பார்த்தார், தாடை ஒத்துழைக்கவில்லை. வழி முழுக்க நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், அழுதுகொண்டும் வந்தேன். அதற்குள் இருட்டிப் பனித்தூவல் தொடங்கிவிட்டதால் துறை இருக்கும் திசை தெரியவில்லை. அப்போது கரையில் இரண்டு விளக்குகள் எரிந்தன. கர்ட்டிஸ் என் டிராக்டரை ஏரியைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி விளக்கைப் போட்டிருந்தார். அதை அவராகவே செய்தார். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்து, தன்னுடைய கோட்டைக் கழற்றிப் பெர்னிக்குப் போர்த்தினார். அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. அவர் நம்பியது பலகையை. அதைப் பொய் சொல்ல வைத்தது நான்.

கேட்கப்பட்டதற்குச் சொல்வது: சங்கிலியை வெட்டியதற்கும் படகை எடுத்ததற்கும் நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. இன்னொரு தடவை நடந்தாலும் வெட்டுவேன், அப்போது போனுக்காகக்கூடக் காத்திருக்க மாட்டேன். காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் வருத்தப்படுகிறேன். பெர்னியின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இருதயம் தாங்கிவிட்டது என்று இன்று காலை மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள்.

பெர்னி மருத்துவமனையில் கொடுத்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. தானே கரைக்கு வந்து தன் கையால் வில்லையை மாட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் மறுபடி ஏரிக்குள் போனதாகச் சொல்லியிருக்கிறார். அது முழுப் பொய். என்னைக் காப்பாற்றுகிறாராம். காலில் கட்டோடு படுத்துக்கொண்டு கதை விடுகிறார். அதைத் தள்ளிவிட்டு நான் சொல்வதையே எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய சங்கிலிக்கு மூன்று சட்டப் பிரிவு எழுதியிருக்கிறீர்கள், மாட்டிய வில்லைக்கு ஒரு பிரிவுகூட இல்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

வில்லையை ஒப்படைக்கும்படி கேட்கப்பட்டது. முடியாது என்று சொன்னேன். அது என் பையில் இருக்கும்வரை பதினேழாம் ஆணி காலி, ஆகவே இன்றைய தேதி வரை கோரிகன் ஏரி மூடப்படவில்லை. பெர்னி ஊன்றுகோலோடு வந்தாலும் சரி, அவருடைய கையால்தான் அது ஏற வேண்டும். இந்த வருடமும் அவர்தான் கடைசி ஆள். ஆனால் அவர் தண்ணீரில் இறங்கப்போவதில்லை. பல் டாக்டர் எடுத்த மிதவையைக் கர்ட்டிஸிடம் சொல்லித் திரும்பவும் தண்ணீரில் போட வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுவர, இந்த உடையோடு நான் இறங்குவேன். கரையில் நின்று யார் வேண்டுமானாலும் கை தட்டிக்கொள்ளட்டும். அந்தத் தண்டனையை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'திருடி' என்ற சொல் இரண்டு இடங்களில் அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். மீதியில் ஒரு எழுத்தும் பொய் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) டெல்மா ரே கிராடக்

என் முன்பாக: ஐரீன் மர்டாக், கான்ஸ்டபிள்.
கைப்பற்றப்பட்ட பொருட்கள்: இரும்பு வெட்டும் கத்தரி, ஒன்று. வெட்டப்பட்ட சங்கிலி, இரண்டு துண்டு. வில்லை எண் 17: தர மறுத்துவிட்டார். வற்புறுத்தப்படவில்லை.