சிவப்புக் கோட்டுக்கு மேலே

— அது டினோஜா ரீச்சரிட கையெழுத்து இல்லை, சேர். நான் போட்டது.

— எது?

— வரவுப் புத்தகத்தில. நாலாவது வரி. ஏழு இருபது எண்டு நேரம் எழுதினதும் நான்தான்.

— செலீனா ரீச்சர், வலயக் கல்விக் கந்தோருக்கு அனுப்புற படிவத்தோட நான் காலமை துடக்கம் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறன். அதிபரிட்ட வந்து பகிடி விடுற நேரமோ இது?

— பகிடி இல்லை, சேர். சத்தியமா. டினோஜா இன்னும் வரேல்ல.

— இன்னும் எண்டால்? மணி பத்தாகப் போகுது.

— ஓம்.

— அப்ப ரெண்டாம் வகுப்பில ஆர் நிக்கிறது?

— ஒருத்தரும் இல்லை. பிள்ளையளை என்ர நாலாம் வகுப்போட கொண்டுவந்து இருத்திப்போட்டன். வள்ளப் படம் கீறச் சொல்லியிருக்கிறன். நீங்கள் கந்தோரை விட்டு வெளியில வரேல்ல, அதால தெரியேல்ல.

— என்னில பழி போடுறீங்களோ?

— இல்லை, சேர். நடந்ததைச் சொல்லுறன்.

— நடந்ததைச் சொல்லுறதெண்டால் இதை முதல்ல சொல்லுங்கோ. இன்னொருத்தரிட கையெழுத்தை ஏன் போட்டனீங்கள்?

— எப்பவும் போடுறதுதானே, சேர். அவ பேசாலையில நாலரைக்கு இருட்டோட வெளிக்கிடுறா. மன்னார் பஸ் நிலையத்தில இறங்கி, வெள்ளாங்குளம் பஸ்ஸுக்கு மாறி, பாலம் கடந்து வரவேணும். அந்த பஸ் ஒரு நாளைக்கு ஏழேகாலுக்கு வரும், ஒரு நாளைக்கு ஏழே முக்காலுக்கு வரும். நீங்கள் சரியா ஏழரைக்குப் புத்தகத்தில சிவப்புக் கோடு அடிச்சிடுவீங்கள். கோட்டுக்குக் கீழ கையெழுத்து விழுந்து விழுந்து அவவிட லீவு எல்லாம் கரைஞ்சு போச்சு. நான் இங்க பக்கத்திலதானே அறை எடுத்து இருக்கிறன், ஏழு மணிக்கே வந்திடுவன். அவ பஸ்ஸால இறங்கி ஓடி வாறதுக்குள்ள அவவுக்கும் சேத்துப் போட்டிடுவன். எனக்குக் காய்ச்சல் கண்ட கிழமை அவ எனக்குப் போட்டவ. உங்களுக்கு இது உண்மையா தெரியாதோ, சேர்?

— தெரியும்.

— தெரிஞ்சுதான் இருந்தனீங்களோ?

— சரி, பாப்பம் எண்டு இருந்தனான். நாலு ரீச்சர்மாரை வைச்சுக்கொண்டு நாப்பத்தொரு பிள்ளையளைப் பாக்கிறன். அதிலயும் ஒருத்தர் இடமாற்றம் கேட்டுப் போனால் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பூட்டவேண்டியதுதான். பிந்தி வந்தாலும் அவ வந்து படிப்பிக்கிறாதானே எண்டு விட்டனான். விளங்குதோ?

— விளங்குது, சேர். ஆனா நீங்கள் சிவப்புப் பேனையை மறக்காமல் எடுக்கிறீங்கள். தலையை எண்ணுறேல்ல.

— எண்ணியிருந்தால் முதல் கோடு உங்களுக்குத்தான் விழுந்திருக்கும். அது கிடக்கட்டும். பஸ் வந்ததோ இல்லையோ?

— ஏழு முப்பத்தஞ்சுக்கு வந்தது. ரெண்டாம் வகுப்பில துஷ்யந்தி எண்டு ஒரு பிள்ளை, சின்னராசாவிட மகள். ஒவ்வொரு நாளும் பஸ் தரிப்பிடத்தில நிண்டு டினோஜாவிட பையைத் தூக்கிக்கொண்டு வாறவள். அந்தப் பையை ஆரும் தொட விடமாட்டாள். இண்டைக்கு வெறுங்கையோட வந்தாள். ‘எங்க டீச்சர் பஸ்ஸ விட்டு எறங்கவே இல்லைங்க டீச்சர்’ எண்டு சொன்னாள். நான், அடுத்த பஸ்ஸில வருவா, நீ போய் இரு எண்டு விட்டிட்டன். பிள்ளை போகேல்ல. அடுத்த பஸ் ஒன்பதுக்கு வருமட்டும் கேற்றடியில நிண்டவள். அதிலயும் அவ இல்லை.

— பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வீட்ட போயிருப்பா.

— அப்பிடியெண்டால் எனக்குச் சொல்லாமல் விடமாட்டா. அவவிட போனுக்கு ஆறு தரம் எடுத்திட்டன். அடிக்குது, ஒருத்தரும் எடுக்கினமில்லை.

— போன் அவவிட்ட இல்லை, ரீச்சர். வீட்டில கிடக்கு.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— எட்டேகாலுக்கு அவவிட தாய் எனக்குப் போன் எடுத்தவ. மகள் போனை மறந்து வைச்சிட்டுப் போட்டா, பள்ளிக்கூடம் வந்து சேந்திட்டாவோ எண்டு கேட்டவ.

— நீங்கள் என்ன சொன்னீங்கள்?

— புத்தகம் முன்னால விரிச்சபடி கிடந்தது. கோட்டுக்கு மேல கையெழுத்து இருந்தது.

— என்ன சொன்னீங்கள், சேர்?

— வந்திட்டா எண்டன்.

— அவ்வளவுதானோ?

— வகுப்பில நிக்கிறா, என்ர கண்ணால கண்டனான், யோசிக்காதேங்கோ எண்டும் சொன்னன். ஒரு தாய் கேக்கேக்க ஆறுதலாச் சொல்லுறதுதானே.

— மாதாவே. அப்ப வீட்டில ஒருத்தரும் அவவைத் தேடேல்ல.

— சத்தத்தைக் குறையுங்கோ, பிள்ளையளுக்குக் கேக்கும். கதிரையில இருங்கோ முதல்ல.

— நான் இருக்கேல்ல, சேர். தாய்க்கு இப்பவே எடுத்துச் சொல்லுங்கோ. நாலரைக்கு வெளிக்கிட்ட மனுசி. அஞ்சரை மணித்தியாலமா எங்க எண்டு தெரியாது.

— என்னெண்டு எடுத்துச் சொல்லுறது? கண்ணால கண்டனான் எண்டு சொன்ன வாயால, காணேல்ல எண்டு சொல்லுறதோ? போன மாசம்தான் வலயத்தில இருந்து வந்து இந்தப் புத்தகத்தைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்திட்டுப் போனவை. கையெழுத்து எல்லாம் ஒரே கையால எழுதின மாதிரிக் கிடக்கு எண்டு சிரிச்சவை. எனக்குப் பென்சனுக்கு இன்னும் ரெண்டு மாசம். உங்களுக்கு நியமனம் கிடைச்சு எத்தினை வருசம்?

— மூண்டு.

— மூண்டு வருசத்தில வேலை போனால் வீட்டில என்ன சொல்லுவீங்கள்?

— அதைப் பிறகு யோசிப்பன்.

— இப்ப யோசிக்கவேணும். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்கோ. ஒரு வழி இருக்கு. அவ காலமை வந்தவ, கையெழுத்துப் போட்டவ. எட்டரைக்குத் தலையிடி எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவ. நான் அப்பிடிச் சொல்லுறன், நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ. புத்தகமும் சரி, நான் தாய்க்குச் சொன்னதும் சரி. ஆக்கள் தேடவும் துடங்குவினம்.

— எங்க தேடுவினம், சேர்?

— எங்க எண்டால்?

— இங்க தேடுவினம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால பத்தையளுக்க தேடுவினம். குளத்துக்க இறங்கிப் பாப்பினம். பாலத்துக்கு அங்கால, மன்னார்ப் பக்கம் ஒருத்தரும் பாக்கமாட்டினம். அவ பாலம் கடந்தவவோ எண்டே எங்களுக்குத் தெரியாது.

— முதல்ல புத்தகம் சரி வரட்டும், ரீச்சர்.

— எனக்கு அந்த ஏழு இருபதுதான் கண்ணுக்க நிக்குது. ஏன் இருபது எண்டு போட்டனான்? ஏழு பத்து எண்டு போட்டால் நம்பமாட்டீங்கள், இருபத்தெட்டு எண்டால் கள்ளம் மாதிரிக் கிடக்கும் எண்டு யோசிச்சு யோசிச்சுப் போட்டனான். அவ எங்க எண்டு யோசிக்கேல்ல.

— அழாதேங்கோ, ரீச்சர். வாசல்ல ஒரு பிள்ளை நிக்குது.

— துஷ்யந்திதான். வகுப்புக்குப் போ, குஞ்சு. ரீச்சர் வாறன்.

— செலீனா ரீச்சர்.

— கேக்குது, சேர். உங்கட போன்தான் அடிக்குது. எடுங்கோவன்.

— தாயின்ர நம்பர்.

— எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ.

— என்னால ஏலாது. நீங்கள்தானே சினேகிதி, நீங்கள் கதையுங்கோ. ஸ்பீக்கரில போடுறன். எட்டரைக்குத் தலையிடி. அதை மட்டும் சொல்லுங்கோ, ரீச்சர். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

— ஹலோ. சந்தியோகு சேரோ?

— இல்லை அம்மா. செலீனா.

— நல்லதாப் போச்சு, பிள்ளை. சேரைத் திரும்பக் கரைச்சல்படுத்தக் கூடாது எண்டு என்ர போனைக் கையில வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தனான். நான் திரேசம்மா, டினோஜாவிட அம்மா. நீ எடுத்த கோலெல்லாம் அவளிட போனில கிடக்கு. அது அறைக்க கிடந்தது, நான் குசினிக்க நிண்டனான், கேக்கேல்ல. எனக்கு அந்தப் போனில திருப்பி எடுக்கவும் தெரியாது. அவள் போனைத் தேடுறாள் எண்டுதானே எடுத்தனி?

— அம்மா, நான்...

— பொறு பிள்ளை, சொல்லிப்போட்டு வைச்சிடுறன். கோயில் மணி அடிக்கிற சியாம் இப்பதான் மோட்டச்சைக்கிளில வந்திட்டுப் போறான். விடியப்புறம் மன்னார் பஸ் நிலையத்தடியில ஒரு பொம்பிளையை வாகனம் ஒண்டு அடிச்சுப்போட்டு ஓடிட்டுதாம். ஆஸ்பத்திரியில கிடக்கிறாவாம், நினைவில்லை. பையும் இல்லை, ஆர் எண்டும் தெரியாதாம். ஒப்பறேசனுக்குக் கையெழுத்து வைக்கச் சொந்தக்காரரைத் தேடுகினமாம். நீலச் சீலையாம். என்னை வந்து ஒருக்காப் பாக்கச் சொன்னான். நான் அவனை ஏசித் துரத்திப்போட்டன். என்ர மகள் பள்ளிக்கூடத்தில நிக்கிறாள், சேரே கண்ணால கண்டவர் எண்டு சொல்லிப்போட்டன். பாவம் அது ஆரிட பிள்ளையோ, அந்தத் தாய் கெதியா வந்து கையெழுத்து வைக்கட்டும் எண்டு செபமாலை சொல்லிக்கொண்டு இருக்கிறன். ஆனா அவள் உடுத்துக்கொண்டு போனதும் நீலச் சீலைதான், எனக்கு மனம் ஒரு பக்கம் நிக்குதில்லை. விசர் யோசனைதான், எனக்குத் தெரியும். வகுப்பைக் குழப்பிப்போட்டன் எண்டு அவள் ஏசுவாள், ஏசினால் ஏசட்டும். ஒருக்கா அவளிட்டப் போனைக் குடு, பிள்ளை. குரலைக் கேட்டிட்டு வைச்சிடுறன்.