தொத்துயா அக்காவின் மூன்று மதிப்பெண்கள்

எனக்கு விடை திருத்துகிற வேலை பிடிக்கும், ஐயா. ஆப்பிளை நறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாற்பது விடைகளை ஒரே மூச்சில் திருத்திவிடுவேன்.

நாரின் என்னும் மலைப் பகுதியின் கிராம மருத்துவச்சிகளுக்கு இணையத்தில் பாடம் நடத்தினேன். ஒவ்வொரு விடைக்கும் மூன்று மதிப்பெண்: நான் போடுவது, கூடப் படிப்பவர்கள் போடுவது, எழுதியவரே தனக்குப் போட்டுக்கொள்வது. எது நம்பகமானது என்று ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் கல்லூரிக்கு ஆசை. எங்கள் பெண்களோ நாளைக்குக் கல்யாண வீட்டில் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டார்கள்.

அவர்களில் ஒருவரான தொத்துயா அக்கா தனக்கும் பத்து போட்டுக்கொண்டார். முப்பது வருடம் பிரசவம் பார்த்தவர். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது அவருக்கு வந்த கேள்வி. உடனே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்புவேன் என்று எழுதியிருந்தார். ஒரு மணி நேரம் காத்திருந்து கவனிக்க வேண்டும் என்றது என் விடைக்குறிப்பு. இரண்டு போட்டேன்.

மறுநாள் பாடநூலைப் புரட்டியபோது அக்கா எழுதியதுதான் சரி என்று தெரிந்தது. வேறொரு கேள்வியின் விடையை நான் விடைக்குறிப்பில் ஒட்டியிருந்தேன். ஆசிரியையின் மதிப்பெண் மட்டும் தனித்து நின்றால், அந்த விடை வாரக் கடைசியில் தானாகத் துறைத்தலைவருக்குப் போய்விடும். இதைவிடச் சின்னத் தப்புக்கு அவர் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாணவிகளின் கடவுச்சொற்களை உருவாக்கியவளே நான்தான். அக்காவின் விடையைத் திருத்திய ஒன்பது பேரின் பெயரிலும் உள்ளே போய், அவர்கள் போட்ட பத்தை இரண்டாக மாற்றினேன். பத்து நிமிட வேலை.

மாலையில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "ஒன்பது பேரும் தப்புங்கறாங்க, மகளே. நம்ம ஊர்ல மூஞ்சிக்கு நேரா யாரு இப்படிச் சொல்லுவா? அப்ப நிஜமாவே தப்பாத்தான் இருக்கும். ஏன்னு போய்க் கேக்கவும் வெக்கமா இருக்கு."

கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். "குறிப்புல இருக்கிறபடி செய்ங்க அக்கா," என்றேன். அவர் தன் பத்தை இரண்டாக மாற்றினார். மூன்றும் ஒத்துப்போயின. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச்சில் அக்கா பிரசவம் பார்த்த அந்தப் பெண்ணுக்கு இரத்தம் நிற்காதபோது, அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் காத்திருந்தார். வண்டி வாசலில்தான் நின்றதாம். சாகும்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

முதலில் அக்காவைத்தான் கைது செய்தீர்கள். கணினிப் பதிவு உங்கள் கைக்கு வந்தபின், இன்று காலை என்னை. விடைக்குறிப்பை நான் இன்னும் மாற்றவில்லை. மாற்றினால் தேதி பதிவாகிவிடும் என்று பயம். இந்த வாரம் அதே கேள்விக்கு, அந்தக் குறிப்பைப் படித்த மற்ற முப்பத்தொன்பது பேரும் ஒரு மணி நேரம் காத்திருப்போம் என்றே எழுதினார்கள். பத்து போட்டேன்.

ஒளிக்காமல் எல்லாம் சொல்லிவிட்டேன், ஐயா. என் நேர்மைக்கு நானே மதிப்பெண் போடுவதென்றால் ஒன்பது போடுவேன். பத்து போட்டால் கர்வமாகத் தெரியும்.