ஓடைக்கரை நாணலை வெட்டச் சொன்னவள் நான்தான்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மண்ணோடு மல்லுக்கட்டி மூத்த பெரியவர்களே, காலையில் கீரை அறுத்த ஈரம் காயாத விரல்களோடு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அப்பா அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"சத்தமாப் பேசும்மா, மைக்கு கடிக்காது" என்கிறார் பின்வரிசை அண்ணன். மைக்கு கடிக்காது அண்ணா. நான் பேசி முடித்ததும் நீங்கள் கடித்துவிடுவீர்களோ என்றுதான் பயம்.

நம் ஓடையோரம் மிச்சமிருப்பது ஒரே ஒரு நாணல் கரை. அது என் அத்தையுடையது. அதையும் வெட்டினால்தான் நம் எல்லோரிடமும் கீரை எடுப்போம் என்கிறது கொள்முதல் நிறுவனம். அத்தைக்கு எடுத்துச் சொல்ல, அந்த நிறுவனத்துக்காகத் தோட்டம் சோதிக்கும் என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன். அத்தைக்கு அல்ல, உங்களுக்கு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினாள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, முதன்முதலில் அப்பாவின் தோட்டத்தைத்தான் சோதித்தேன். நாணலோரம் தவளை. பாத்தியில், நாணலில் அடையும் பறவைகளின் எச்சம். நகரத்தில் சமைக்காமல் பச்சையாகத் தின்னும் இலை ஐயா அது! அந்த எச்சத்தின் கிருமி ஒரு குழந்தையைப் படுக்கையில் தள்ளாதா? தள்ளும். அந்தப் பயம் பொய்யா? பொய்யில்லை. ஆனால் நாணல் எதைத் தடுக்கிறது என்று கேட்க என் படிவத்தில் ஒரு வரி இருந்ததா? இல்லை. பூஜ்யம் போட்டேன்.

அப்பா சிரித்தார். "பூஜ்யமா? சின்ன வயசுல கணக்குல நீ வாங்குனத எனக்குத் திருப்பித் தர்றியாம்மா?"

"விளையாடாதீங்கப்பா. ரூல் அப்படி. வெட்டிடுங்க."

"சரி, நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வெட்டினார். வேரோடு வெட்டினார். "பெத்த அப்பனையே விடல, நம்மள விடுவாளா?" என்று நீங்களும் வெட்டினீர்கள். அத்தை மட்டும் வெட்டவில்லை. கரை மொட்டையானது. எட்டுத் தோட்டத்துக்கும் நூற்றுக்கு நூறு போட்டேன். கைதட்டினீர்களே, மறந்துவிட்டதா?

மழை வந்தது. மேட்டு மாட்டுப்பண்ணையின் சாணக் குவியலைக் கரைத்துக்கொண்டு ஓடை வழிந்தது. இத்தனை காலமும் அந்தக் கழிவைத் தடுத்தது யார்? நாணல்! தேக்கித் தெளியவைத்தது யார்? நாணல்! எந்த நாணல்? நான் பூஜ்யம் போட்ட நாணல்! மொட்டைக் கரையில் வெள்ளத்தை மறிக்க என்ன இருந்தது? என் கையெழுத்தா?

எட்டுத் தோட்டத்துக் கீரையிலும் கிருமி என்றது பரிசோதனைக்கூடம். உழுது புதைத்தோம். அத்தையின் கீரை மட்டும் தேறியது. அந்தத் தாளை மேலதிகாரியிடம் நீட்டினேன். "ஒரு தோட்டத்த வச்சு ரூல மாத்த முடியாதும்மா. அங்க தவளை இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றார்.

"அப்ப நாங்க கீரைய எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?" என்று கேட்கிறீர்கள் அம்மா. நியாயமான கேள்வி. வேறு கொள்முதல்காரர் இல்லை. புது நாணல் நட்டால் வேர்பிடித்துக் கரை காக்க மூன்று மழைக்காலம் வேண்டும். உங்கள் அடுப்பு அதுவரை காத்திருக்குமா? சற்று நேரத்தில், அத்தையின் நாணலை வெட்டச் சம்மதமுள்ளவர்களைத் தலைவர் கைதூக்கச் சொல்வார். கைகள் உயரும். என் அப்பாவின் கையும் உயரும். குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

அத்தை, நாளை உங்கள் படிவத்தில் ஒன்று எழுதுவேன்: 'இந்தக் கரைதான் கீரையைக் காத்தது. மற்றவற்றை வெட்டச் சொன்னது என் தவறு.' வேலை போகும். என் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்து பூஜ்யம் போடுவார். உங்கள் நாணலும் விழும். தெரிந்தேதான் எழுதுவேன்.

என்னைப் படிக்கவைத்த கைகளுக்கும், இப்போது உயரப்போகும் அதே கைகளுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.