வணக்கம் வராத நாள்

சித்தியவானிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் ஃபேஸ்புக் லைவில் சேலை விற்பவள்.

“என்கிட்ட ஒரு சேலைகூட வாங்காத ஒரு வயசான அம்மாவப் பார்க்கத்தான்க்கா ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

“வாங்காதவங்களையா?”

“ஆமாக்கா. ஈப்போ புந்தோங்ல, கோயில் பின்னாடி தனியா இருக்கேன்னு அவங்களே கமெண்ட்ல சொல்லியிருக்காங்க. தினமும் லைவ்ல முதல் வணக்கம் அவங்க போடுறதுதான். போன வாரம் ரெண்டு நாளா காணோம். எனக்கு மனசு கேக்கல. சேலைய மடிச்சு வச்சிட்டு, ‘புந்தோங்ல யாராச்சும் இருந்தா, கோயில் பின்னாடி அவங்க வீட்டுக்குப் போய்ப் பாருங்க’ன்னு லைவ்லயே கெஞ்சினேன்.”

“யாராச்சும் போனாங்களா?”

“அங்க எனக்குப் போட்டியா சேலை விக்கிறாளே, அவ போனாக்கா! என் விலையப் பார்க்க லைவ்ல ஒளிஞ்சிருந்திருக்கா. ஓடிப்போய், பக்கத்து வீட்டு ஆளுங்கள வச்சுக் கதவ உடைச்சா, அந்தம்மா பாத்ரூம்ல விழுந்து கெடந்திருக்காங்க.”

“அடக் கடவுளே! இப்ப?”

“இடுப்புல ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. தினமும் கஞ்சி கொண்டு போறதும் அவதான்.”

“பெரிய மனசுலா அவளுக்கு.”

“ஆமாக்கா. இன்னிக்குத்தான் அவங்க ரெண்டு பேரையும் மொத தடவையா நேர்ல பார்க்கப் போறேன்.”