கவனம் காலில்தான் ஏறும்

நான் முதலில் குதிரையைப் பிடிக்கத்தான் ஓடினேன். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சார்ஜென்ட். சேணம் ஒரு பக்கம் சரிந்து, கடிவாள வார் முன்காலில் சிக்கி, நான்கு வயதுப் பெண்குதிரை ரோஷீன் மணல் தளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். இன்னொரு சுற்று விட்டிருந்தால் கீழே கிடந்த டியர்னன் மேலேயே ஏறியிருப்பாள். எங்கள் கிளேர் பக்கத்தில் குதிரை வளர்க்கிற எவனும் அதைத்தான் செய்வான். வாரை விடுவித்து, அவளை வேலியில் கட்டிவிட்டு, பிறகுதான் என் மகனிடம் போனேன்.

நடந்தே போனேன். ஓடினால் குதிரை மிரளும்.

தடை தாண்டுகிற குதிரைக்குக் கவனம் வேண்டும். குளம்பு பட்டால் கம்பம் விழும். கம்பம் விழுந்தால் போட்டி போயிற்று. வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்கு ஒரு பழைய வழி உண்டு. தடையின் ஓரத்தில் ஒளிந்து நின்று, மேலே வைத்த மூங்கில் கம்பத்தின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொள்வோம். குதிரை எழும்பும் நேரம் பார்த்துக் கம்பத்தைத் தூக்கினால், முழங்காலுக்குக் கீழே சுரீரென்று ஓர் அடி. அடுத்த தடவை கால் இரண்டையும் மார்போடு மடக்கிக்கொண்டு தாண்டும். போட்டி நடத்துகிறவர்கள் இதைத் தடை செய்து வெகுகாலம் ஆகிறது. லாயத்துக்குப் பின்னால் யார் வந்து பார்க்கிறார்கள்?

சூட்சுமம் ஒன்றே ஒன்று. அடித்தவன் கண்ணில் படக் கூடாது. தன் தப்பால்தான் அடி விழுந்தது என்று அது நம்ப வேண்டும். ஆளைப் பார்த்துவிட்டால் பயம் வரும், கவனம் வராது. மேலே உட்கார்ந்திருப்பவனிடமும் சொல்வதில்லை. அவன் உடம்பு விறைத்தால் குதிரை கண்டுகொள்ளும்.

டியர்னன் நல்ல பிள்ளை. சவாரியில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கவனம்தான் கிடையாது. ஏப்ரலில் சாலையோரக் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டான். ரோஷீனின் தாய் வெளியே போய்ப் பால் லாரியில் அடிபட்டுச் செத்தது. குட்டியிலிருந்து என் கையால் தின்ற குதிரை. அன்று முழுக்க அழுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமே கேட் மறுபடி திறந்து கிடந்தது.

"விடுப்பா, ஒண்ணும் வெளிய போகலையே" என்றான், ரொட்டியை மென்றுகொண்டே.

பக்கத்துப் பண்ணை பேக்கி அப்போது எங்கள் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். "டேய் மாலக்கி, உன் பையனை விட அந்தக் குட்டிக்குப் புத்தி ஜாஸ்திடா. அவளை மேசைல உக்கார வச்சு, இவனை லாயத்துல கட்டு!"

டியர்னன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் பேக்கி சொன்னது மனசை விட்டுப் போகவில்லை.

வியாழக்கிழமை காலை, தீவனம் வாங்க என்னிஸ் டவுனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வேனைத் திருப்பத்தில் நிறுத்தினேன். வயல் வழியாக நடந்து திரும்பி வந்தேன். தடையின் ஓரத்தில் முட்புதரை வெட்டிச் சாத்தியிருந்தேன். அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். டியர்னன் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். தலைக்கவசத்தின் வாரை மாட்டவில்லை. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ரோஷீன் எழும்பினாள். நான் தூக்கினேன்.

நான் பக்கத்தில் போய் மண்டியிட்டபோது அவன் கண்ணைத் திறந்தான்.

"ரோஷீனுக்கு ஒண்ணும் ஆகலியேப்பா?"

"இல்லடா."

"நான்தான் சரியாக் கொண்டு வரல... என் தப்புப்பா."

அடித்தவனை அவன் பார்க்கவில்லை.

"ஆமாண்டா. இனிமே கவனமா இரு" என்றேன்.

"சரிப்பா" என்றான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டான்.

நீங்களும் குதிரைக்காரர் வீட்டுப் பெண். வந்ததுமே கம்பத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாலக்கி, மூங்கில் வைக்கிற இடத்துல இரும்புக் குழாயா? அதுக்கு வெள்ளை சிவப்புப் பட்டை வேறயா?" என்று கேட்டீர்கள். குதிரை முரடு, மூங்கிலுக்கு மசியாது என்றேன். நம்பினீர்கள். ஊரும் நம்பியது. வீட்டில் ஊர் வழக்கப்படி சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து டீயும் சாண்ட்விச்சும் சாப்பிட்டவர்கள் எல்லோரும், குதிரைக்குப் பாடம் சொல்லப் போய்ப் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தானே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அதோடு நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் நேற்று டியர்னனின் அம்மா, அந்த முரட்டுக் குதிரை இனி என் கண்ணில் படக் கூடாது, சுட்டுத் தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். கால்நடை டாக்டர் நாளைக் காலை துப்பாக்கியோடு வருகிறார். ஒரு பாவமும் அறியாத ஜீவன். அதைக் காப்பாற்றத்தான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்.

மூங்கில் பட்டிருந்தால் குதிரை காலை உதறிக்கொண்டு தாண்டிப் போயிருக்கும். மேலே இருப்பவன் விழ மாட்டான். அதனால்தான் குழாயை வைத்தேன்; மேலே வருகிறவன் கண்ணுக்கு மற்றக் கம்பம் மாதிரி தெரியத்தான் பட்டை அடித்தேன்.

ரோஷீன் பழக ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கம்பத்தைக்கூடத் தட்டியதில்லை, சார்ஜென்ட். பாடம் அவளுக்கு இல்லை.